விளக்குக் கரி

மகனின் முழங்கால் காயத்தைக் கார்பாலிக் மருந்து கலந்த தண்ணீரால் கழுவினேன். அந்த வாடை என்னைச் சின்ன வயதில் இருந்த சிராங்கூன் ரோட்டுக்கே இழுத்துப் போய்விட்டது.

அப்பா அங்கே அன்னாசிப் பழம் ஏற்றும் ஒற்றைமாட்டு வண்டி ஓட்டினார். எங்கள் கறுப்புக் காளைக்கு நுகம் உரசிக் கழுத்தில் புண். சர்க்கார் மாட்டு டாக்டர் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார். அதனால் அப்பா விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் புண்மேல் பூசி மறைத்துவிடுவார். வண்டிக்காரர்கள் பலரும் செய்ததுதான்.

ஒருநாள் அந்த வெள்ளைக்கார டாக்டர் எங்களை வழிமறித்தார். கைக்குட்டையால் காளையின் கழுத்தைத் துடைத்தார். துணி முதலில் கறுத்தது, பிறகு சிவந்தது. அவரே காளையை அவிழ்த்து, புண்ணைக் கார்பாலிக்கால் கழுவினார். ஆறும்வரை நுகம் பூட்டக்கூடாது என்று மலாயில் சொன்னார்.

"பழம் அழுகிடும் துரை, இன்னிக்கு மட்டும்" என்று அப்பா கெஞ்சினார். டாக்டர் மசியவில்லை.

கூட வந்த அம்மா நுகத்தைத் தூக்கினாள். "வாங்க, நாம இழுப்போம்."

இருவரும் பழ ஆலைவரை இழுத்தார்கள். காளையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வீடு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றினார். தோள் தோலுரிந்து ரத்தம் கசிந்தது.

அம்மா பார்த்தாள். "கரி குழைச்சுப் பூசட்டுமா?"

அதன்பிறகு அப்பா எந்தப் புண்ணையும் மறைக்கவில்லை.

"எரியுதும்மா, துணியைச் சுத்தி மூடிடுங்க" என்று மகன் காலை இழுத்தான். நான் விடவில்லை.