அடுத்த வருடத்து விளக்கு

கடற்கரை வீதியில், பழைய இரும்புக் கடையொன்றில் கூம்பு வடிவச் சிவப்புக் கார்ப் பின்விளக்கொன்றைக் கண்டு நின்றுவிட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பாவிடம் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓட்டவென்று ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. பின்பக்கத்தில் சுறாவுக்கு இருப்பதுபோல இரண்டு செட்டைகள். அந்தக் காரைச் செய்தவர்கள் வருடாவருடம் செட்டையையும் விளக்கையும் மாற்றிவிடுவார்கள். ஒருமுறை விளக்கு உடைந்ததும் அப்பா கொழும்பிலிருந்து எடுப்பித்தார். வந்தது எங்கள் காருக்கு அடுத்த வருடத்து விளக்கு.

“பூட்டித்தான் பாருங்கோவன், அப்பா,” என்றான் அண்ணா.

“ஒரு வருஷம் பிந்தினது. பொருந்தாது. கொண்டுபோய் மாத்திக்கொண்டு வா.”

வழியில் சோதனைச் சாவடியில் அண்ணாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் வந்தவர் அவனுடைய பையை மட்டும் வீட்டில் கொண்டுவந்து தந்தார். அண்ணா வரவேயில்லை.

அடுத்த மாரிகாலத்தில் அப்பா அந்தப் பையைத் திறந்து, விளக்கைக் கம்பியால் செட்டையோடு கட்டினார். துருத்திக்கொண்டு நின்றாலும் பளிச்சென்று எரிந்தது.

“எரியுது, பிள்ளை,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஈர நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். பிறகு அந்தக் காரை அவர் எடுக்கவேயில்லை.

“எந்த வருஷத்துக் காருக்கு வேணும், அக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“எந்த வருஷமெண்டாலும் எரியும், தம்பி.”