செட்டு சேலை

'செட்டு' என்ற சொல்லுக்கு மெரினாவில் மணிமண்டபம் கட்டினால், வாசலில் நிற்கவேண்டியது சுரேகா அத்தையின் சிலைதான். பட்டாளம், சர்க்கஸ், எறும்பு எல்லாமே வரிசையில் போகக் கற்றுக்கொண்டது அத்தையிடம்தான்.

அத்தை மண்ணூர்பேட்டை. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சட்டை தைக்கிறார். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன் என்று லைனாக உட்கார்ந்து தைப்பவர்கள் அத்தைக்கு 'நம்ம செட்டு'. ஒருத்திக்குக் கை மெதுவானால் பக்கத்து மிஷின்காரி அவள் துணியையும் இழுத்துப் போட்டுத் தைப்பாள். கேட்டால், "செட்டுன்னா அப்டித்தான்" என்பார். டிபன் பாக்ஸை நடுவில் வைப்பவள் செட்டு. மூடியால் மறைத்துத் தின்பவள் ஒரே வேனில் வந்தாலும் செட்டில்லை. வீட்டில் பரந்தாமன் மாமாவும் டிவி ரிமோட்டும் தனி செட்டு, அதில் அத்தைக்கே இடமில்லை.

லைனில் ஒருத்திக்குக் கல்யாணம் என்றால் மற்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுப்பார்கள். கவிப்பிரியா கல்யாணத்துக்கு அத்தை தேர்ந்தெடுத்தது மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். சேலை வாங்கி முடித்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் ரெனிதா. கடையில் அதே சேலை தீர்ந்துபோயிருந்தது.

"போட்டோ எடுக்கும்போது நீ ஓரமா இரு கண்ணு" என்றார் அத்தை. "வேற கலர் நின்னா செட்டு கெட்டுடும். தப்பா எட்துக்காத."

"பரவால்லக்கா" என்றாள் ரெனிதா. பச்சைச் சேலையில் வந்தவள், வேனில் கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரையான்சாவடி மண்டபத்தில் மஞ்சள் கூட்டம் இறங்கியதுமே மேனேஜர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ லேட்டா? பந்தி உக்காந்தாச்சு. வாளியெல்லாம் உள்ள கீது."

பரிமாற வரும் கேட்டரிங் பெண்களும் ஒரே மாதிரி சேலையில்தான் வருவார்கள்.

"நாங்க பொண்ணோட வேல செய்றவங்கபா."

"வேலைக்கி வந்தவங்கதானே, அதத்தான் நானும் சொல்றேன். சாம்பார் ஆறுது, போங்க."

அதே நேரம் ரெனிதாவுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள். மஞ்சள் சேலைகள் பல்லைக் கடித்தன.

அத்தை சண்டைக்குத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கவிப்பிரியாவின் அப்பா ரகுநாதன் வெறும் இலைகளுக்கு நடுவே கையைப் பிசைந்துகொண்டு நிற்பது கண்ணில் பட்டது. நிஜமான கேட்டரிங் ஆட்கள் பூந்தமல்லி டிராபிக்கில் மாட்டியிருந்தார்கள்.

"லைன் புடிங்கடி" என்றார் அத்தை, முந்தானையைச் செருகிக்கொண்டு.

உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் காலரும் கையும் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. சோறு வந்தது. சாம்பார் வரவில்லை, ஒரு கை குறைந்தது. அத்தை திரும்பிப் பார்ப்பதற்குள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிய ரெனிதா சாம்பார் வாளியோடு வரிசைக்குள் நுழைந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

பந்தி முடிந்து மேடையேறியபோது போட்டோக்காரர், "அந்தப் பச்ச கொஞ்சம் ஓரமா" என்றார்.

"அது நடுவுல நிக்கும்" என்றார் அத்தை. "உனக்குப் புடிக்கலன்னா நீ ஓரமா போ."

இறங்கி வந்ததும் மேனேஜர் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கம்மா. மஞ்ச சேல பூரா கேட்டரிங், பச்ச சேல பொண்ணுக்கு நெருங்கின சொந்தம், மொதல்ல உக்கார வைங்கன்னு ஒரு தம்பி வந்து சொன்னான். தோ, அவன்தான்."

அவர் கை காட்டியது இதை எழுதுபவனை. அத்தைக்குத் தம்பி மகன், பரிசு குக்கரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, வேனிலிருந்து முதல் ஆளாகக் குதித்து உள்ளே ஓடியவன். ஓடுவதற்குள் காது அத்தை கையில்.

"மஞ்சளுக்குச் சொன்னது உன் குசும்பு, ஒத்துக்கறேன். பச்சைக்கு இன்னாத்துக்குடா சொன்னே?"

"சும்மா அத்தே. தமாசு."

"வேன்ல அது கண்ணத் தொடச்சிகினு வந்தத பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்."

"பொய் சொன்னா மூக்கு செவக்கும் உனக்கு, உங்கப்பன மாதிரியே" என்றார் அத்தை. காதை முறுக்க வந்த கை முறுக்கவே இல்லை.