காலியாக விட்ட கட்டம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். முன்னுக்குப் பின்னாக எழுதினாலும், மறதியில் எதையாவது விட்டுவிட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக மனத்தில் கிடக்கிறது.

அவளை நினைத்தால் குருபோங்கில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கண்ணில் வருகிறது. ஒரு பக்கம் அண்ணனின் மருந்தும் கஞ்சிக் கிண்ணமும், மறுபக்கம் அவளுடைய கணினி. அவளுக்கு அமெரிக்காவில் வேலை. விண்வெளியில் நிற்கிற பெரிய தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்க உலகமெங்கும் இருந்து விஞ்ஞானிகள் விண்ணப்பிப்பார்களாம். அனுமதி கிடைத்தவர்கள் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தருவதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, குறையிருந்தால் கேட்டு, சரிசெய்து அனுப்புவது இவள் பொறுப்பு. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இவள் மேலதிகாரியிடம் கெஞ்சி, இங்கிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி வந்துவிட்டாள். சமைத்துப் போட நான் என் ஊர் மெர்லிமாவிலிருந்து வந்து சேர்ந்தேன்.

அண்ணன் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வாய் கோணிப் போனாலும் குறும்பு போகவில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்போம், எடுக்கிற கணக்கப்பிள்ளையைக் கிராணி என்போம். காலை எட்டு மணிக்கு அவள் கணினியைத் திறந்ததும், "நட்சத்திரத்துக்குப் பெரட்டு எடுக்கிற கிராணியம்மா வந்தாச்சி. இன்னிக்கி எத்தன பேரு வேலைக்கு வரல?" என்று குழறிக் குழறிக் கேட்பார். அவளும் விடமாட்டாள். "எல்லாரும் வந்துட்டாங்கப்பா. நீங்கதான் இன்னும் பல்லு வெளக்கல லா."

ஒருநாள் அவர் கேட்டபோது அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"என்ன ஆயி?"

"டெலஸ்கோப்பு நட்சத்திரம் இல்லாத எடத்தப் பாத்துருச்சி அத்தை."

அவள் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சில நட்சத்திரங்கள் வருடா வருடம் கொஞ்சம் நகருமாம். எவ்வளவு நகரும் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. விண்ணப்பித்த பெண் அதைக் காலியாக விட்டிருக்கிறாள். தொலைநோக்கி ஊசிக் கீறல் போன்ற இடைவெளி வழியாகப் பழைய இடத்தைப் பார்த்தது. நட்சத்திரம் எப்போதோ தள்ளிப் போயிருந்தது. "பழைய வீட்டுக் கதவத் தட்டுன மாதிரி அத்தை. ஆளு மாறிப் போயிட்டாங்க."

இவள் அந்தக் காலிக் கட்டத்தைக் கவனித்திருக்கிறாள். கேட்டு எழுத வேண்டும் என்று தன் நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறாள். அன்றுதான் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் அது விட்டுப்போயிற்று.

விண்ணப்பித்தவர் தவறென்றால் மறுபடி பார்க்க விடமாட்டார்களாம். பார்த்து அனுப்பியவர்கள் தவறென்றால் விடுவார்களாம். மேலதிகாரி, அந்தப் பெண்ணின் தவறுதான், முடித்துவிடு என்று எழுதிவிட்டார். இவள் நோட்டில் குறித்தது இவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால், வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் வந்த வினை என்று திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அண்ணனை விட்டுப் போக வேண்டும்.

நான்தான் வாயைத் திறந்தேன். "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? பேசாம இரு ஆயி. அப்பாவப் பாரு."

"அந்தப் பொண்ணு மூனு வருசமா கேட்டுக் கேட்டு இப்பதான் கெடச்சிச்சி அத்தை. முழுசும் தன் தப்புன்னே நெனச்சிக்கிட்டு இருப்பா."

அண்ணன் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுதிரு," என்றார். குறித்து வைத்தும் கேட்காமல் விட்டது தான்தான் என்று அவள் மேலதிகாரிக்கு எழுதினாள். நோட்டுப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினாள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை பார்க்கக் கொடுத்தார்கள். இவளை ஒரு மாதத்துக்குள் வந்து சேரச் சொன்னார்கள். கிளம்பும்போது அண்ணன் இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் இவளால் வர முடிந்தது. படையல் போட்டு முடித்த பிறகு, நட்சத்திரம் இந்தத் தடவை கிடைத்துவிட்டது, அந்தப் பெண் கடிதம் எழுதியிருக்கிறாள் என்று அப்பா படத்தைப் பார்த்துச் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போய்விட்டேன்.

பேசாம இரு என்று அவளிடம் சொன்னேனே, அது எனக்குப் பழகிய வழி. நான் ரப்பர் வெட்டிய காலத்தில், ஒருநாள் நிரையை, அதாவது ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த மரவரிசையை, மாற்றிக்கொண்டு பக்கத்து லயத்து அக்காவின் மரங்களை நான் வெட்டினேன். காய்ச்சல் மயக்கத்தில் கத்தி ஆழமாக இறங்கி, பதினோரு மரத்தில் காயம். மரங்கள் அக்காவின் பேரில் இருந்ததால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்த அக்காவைத்தான் எல்லார் முன்னாலும் ஏசினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரப்பர் பால் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டுப் போனார்.

நட்சத்திரத்தைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்த அக்கா செங் என்ற ஊர்ப் பக்கம் குடியேறியதாகக் கேள்வி, அதுவும் சரியா என்று தெரியாது. அவரோ பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். மரங்கள் பதினொன்றா, கூடவா என்பதையும் அவர்களைக் கேட்டுச் சரிபார்க்கலாம். வெட்டியது நான் என்பதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.