என் மெட்டியும் அவள் முக்காடும்

அவள் லண்டனுக்குப் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. லண்டன் என்று நாங்கள்தான் சொல்வோம். அது வடக்கே ஏதோ ஒரு மில் ஊர் என்று அவளே பலமுறை திருத்தியிருக்கிறாள்.

பெங்களூரில் ஹலசூர் பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸில் என் பக்கத்து மெஷின் அவளுடையது. நான் ஏழாவதோடு நின்றவள். ஆனால் காலர் தைப்பதில் என் கைதான் சுத்தம்; அவள் தைத்ததைப் பாதி நாள் நான்தான் பிரித்துச் சரிசெய்வேன். அப்படிப்பட்டவளைத் தேடி அங்கிருந்து மாப்பிள்ளை வந்தது. போன பிறகு போட்டோ அனுப்பினாள். செங்கல் வீடு, வாசலில் பனி, நீளமான கோட்டுக்குள் அவள். எங்கள் ஜோகுபாளையத்துக் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதெல்லாம் அந்தக் கோட்டு ஞாபகம் வந்து வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த வருஷம் அவள் குரல் மாறிப்போனது.

"பஸ்ல என் பக்கத்து சீட்டு காலியாவே வருதுக்கா. கூட்டம் நின்னுக்கினு வரும். அதுல மட்டும் யாரும் உக்கார மாட்டாங்க."

"நல்லதுதானே. காத்தாட வரலாம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளு, உங்க ஊருக்குப் போங்கன்னான். எந்த ஊரும்மான்னு எம் பொண்ணு கேக்குறா. அவ பொறந்ததே இங்கதான். பேப்பரைத் தொறந்தா நாங்கதான். வந்தவங்க ஜாஸ்தியாயிட்டாங்களாம். எல்லாரும் அப்படின்னு சொல்லல. ஸ்கூல் கிச்சன்ல எங்கூட வேலை செய்யுறவ நல்லவ. நீ அவங்கள மாதிரி இல்லன்னு தட்டிக் குடுக்குறா. அதுதான்க்கா ரொம்பக் குத்துது."

அப்புறம் கேட்டாள். "முக்காட்டை எடுத்துட்டு வேலைக்குப் போன்னு சொல்றாரு இவரு. எனக்கு என்னமோ புள்ளைங்களோட அங்கயே வந்துடலாம்னு தோணுது. நீ சொல்லுக்கா. நீ அந்த வருஷத்தப் பாத்தவ."

அந்த வருஷம் என்றால் தொண்ணூற்றொன்று. காவிரித் தகராறு. மத்தியானமே மெஷின்களை நிறுத்தி எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பஸ் இல்லை. தமிழர்களா என்று பார்க்கத் தெருமுனைகளில் நிறுத்தி வைத்துப் பேசச் சொல்கிறார்களாம். கன்னடம் சரியாக வராவிட்டால் அடியாம். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள் நான். அன்று என் பயத்தைக் கேட்கவா வேண்டும்? அவள் என்னை பாத்ரூமுக்கு இழுத்துப்போய்த் தன் புர்காவைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். பொட்டைத் துடைத்தாள். கீழே பார்த்ததும் நின்றுவிட்டாள். ரப்பர் செருப்பில் என் மெட்டி பளிச்சென்று தெரிந்தது.

"கழட்டுக்கா."

"மாட்டேன். அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உனக்கு ஏதாவது ஆயிட்டா, அவரு மெட்டிய வெச்சிக்கினு என்ன பண்ணுவாரு?"

எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாசம். நான் அசையவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு தன் ஷூவைக் கழற்றி என் காலில் மாட்டினாள். என் செருப்பை அவள் போட்டுக்கொண்டாள். புர்கா இல்லாமல் வெறும் துப்பட்டாவோடு, யாரோ கல்யாணத்துப் பிரியாணியைப் பற்றி உருதுவில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தாள். முனையில் கட்டையோடு நின்றவர்கள் என்னைக் கேட்டபோது, "நம்ம அத்திகே, மாத்து பரல்ல" என்றாள். என் அண்ணி, அவளுக்குப் பேச்சு வராது என்று அர்த்தம். என் வீட்டு வாசல் வரை வந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

இப்போது அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். வந்துவிடு என்று சொன்னால் வந்துவிடுவாள். அந்தக் கோட்டு பெட்டிக்குள் போகும். மறுபடி குழாயடியில் என் பக்கத்தில் குடத்தோடு நிற்பாள். நினைக்க நினைக்க இனித்தது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். விரலில் அதே மெட்டி.

"அன்னிக்கு நான் கழட்டலையே" என்றேன்.

"ஆமா, மகராசி. உஞ்செருப்பு வாரு அறுந்து, நான் வெறுங்கால்லதான் வூட்டுக்குப் போனேன்."

"அங்க உனக்கு ஷூ குடுக்க யாராவது இருக்காங்களா?"

"பக்கத்து வூட்ல ஒரு வெள்ளக்காரம்மா இருக்கு. நான் சொன்னதக் கேட்டு, இந்த ரெண்டு நாளா காலைல எங்கூடவே பஸ் ஏறுது. அந்தக் காலி சீட்ல உக்காந்து, ஸ்கூல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவுது. வேணாம்னாலும் கேக்கல."

"அப்ப முக்காடு இருக்கட்டும். நீயும் அங்கயே இரு" என்றேன்.

அவள் இருந்துவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அன்றைக்குப் போனை வைத்த பிறகு பனியும் கோட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிற அந்த அம்மாவை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. அது நான் உட்கார வேண்டிய இடம்.