இங்கிலீஷில் செய்த சத்தியம்

வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தும்மினார். பின்னாலிருந்து ஒரு குரல், செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "ப்ளெஸ் யூ" என்றது. அவ்வளவுதான். என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில், யாரோ ஒருவரின் தும்மலுக்கா? தும்மலுக்கில்லை. அந்த வார்த்தை விழுந்த விதத்துக்கு. செருப்பிலிருந்து உதறிய மணல் மாதிரி விழுந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு. மலாக்கா ஆற்றோரம் ஒரு ரப்பர் வியாபார அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தேநீர் ஆறிப்போனால் "குட் லார்ட்". மைப்புட்டி கவிழ்ந்தால் "ஹோலி ஸ்மோக்". தொலைபேசி விடாமல் அடித்தால் "ஃபார் ஹெவன்ஸ் சேக்". சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயரும் அரைமணி நேரம் "சேக்ரட்". அந்த நேரத்தில் கதவைத் தட்டாத நான் "செயிண்ட்". கடவுளும் சொர்க்கமும் புனிதர்களும் நாள் முழுக்க அந்த அறையின் மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் கும்பிடவில்லை, ஒருவரும் பயப்படவில்லை.

எங்கள் வீட்டிலும் முருகா உண்டு, சிவசிவா உண்டு. முதுகு பிடித்துக்கொண்டால், குழம்பு பொங்கி வழிந்தால். ஆனால் அது கூப்பிடுவது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக் கூப்பிடுவது. துரையின் வார்த்தைகள் யாரையும் கூப்பிடவில்லை. அந்த லேசு எனக்குப் பிடித்திருந்தது. என் நாக்கில் அது எப்போது ஏறியது என்றே தெரியாது.

அப்பா நகரசபையில் தெருத் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடுகிறவர். பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவர். இங்கே பிறந்த எனக்குக் கவலையில்லை. குடியுரிமைக்கு அவர்தான் பதிய வேண்டும். மலாய்த் தேர்வில்லாமல் வயதானவர்களைப் பதியும் சலுகை முடிவதற்கு மூன்று வாரம் இருந்தது. கடைத்தெரு மலாய் அவருக்குச் சரளம்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்துவிட்டால் அவருக்குத் தமிழே வராது. சலுகை தவறினால் முப்பது வருடம் தண்ணீர் விட்ட ஊரில் அவர் அந்நியர்.

விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பி, அவருடைய சான்றுத் தாள்களையும் அதோடு குத்தி வைத்தேன். "நீயே குடுத்துடும்மா, ஒன்கிட்டன்னா மரியாதயா பேசுவாங்க" என்றார். கொடுத்துவிட்டு வந்தால் போதும், பிறகு கூப்பிட்டு அனுப்புவார்கள். இரண்டு மணி நேரம் விடுப்பு வாங்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வரிசை வெயிலில் சாலைவரை நீண்டிருந்தது. அலுவலகத் தோழிகள் இருவர் உஜோங் பாசிருக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். கடற்காற்று, சுடச்சுட இறால். வரிசை நாளைக்கும் இருக்கும் என்று நானும் சைக்கிளைத் திருப்பினேன். பாரம் என் மேசை டிராயரில் கார்பன் தாள்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"குடுத்துட்டியாம்மா?"

"குடுத்துட்டேன்பா. ஆனஸ்ட் டு காட்."

"காட்டுன்னா சாமிதானே?"

"ஆமாப்பா."

"அப்ப சரி. சாமி மேல சொன்னதுக்கப்பறம் என்ன கேள்வி."

பிறகு அவர் கேட்கவேயில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் நழுவிப்போனது. ஒவ்வொரு மாலையும் அவர் சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

கடைசி நாள், சனிக்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். அப்பாவுடன் வேலை செய்பவர் ஒரு காகிதத் துண்டை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, காஜா பெராங் தெரு முழுக்க நீங்கதான் தண்ணி விடுறீங்க, ஒங்களுக்கு ஒரு துண்டு ரசீது தரலயா? பாரம் குடுத்த கையோட இதக் குடுத்துட்டாங்களே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை.

"ரசீது எங்கம்மா?"

"அங்கயே வச்சிக்கிட்டாங்கப்பா. ஸ்வேர் டு காட்."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "அது என்னடி, தொர வூட்டுச் சாமி? அதுக்கு எண்ணெயும் வேணாம், திரியும் வேணாம் போல. நம்ம வெளக்கு முன்னால நின்னு சொல்லு பாப்போம்."

அப்பா தட்டில் ஒரு வில்லைச் சூடத்தை வைத்து ஏற்றினார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னைச் சோதிக்க அல்ல, என்னைக் காப்பாற்ற ஏற்றினார்.

"அடிச்சு அணைச்சிடும்மா. ஒங்கம்மா வாய மூடட்டும்."

எரியும் சூடத்தின்மேல் கையை அடித்து அணைத்தால் சொன்னது சத்தியம். பொய்யனின் கை என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கையை நீட்டினேன். உள்ளங்கையில் சூடு ஏறியது. அறைந்துவிடு, ஒரு நொடிதான், துரை சொல்கிற மாதிரி லேசாக நினைத்துக்கொள் என்று எனக்கு நானே சொன்னேன். கை இறங்கவில்லை. சுடர் அதன் பாட்டுக்கு எரிந்தது, குட்டையானது, நீலமானது, தானாகவே அணைந்தது. தட்டில் கருப்பாக ஒரு வட்டம்.

அப்பா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கு?"

"ஆபீஸ் டிராயர்ல."

அம்மா வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டாள். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாகப் போகிறது. பதிவு பன்னிரண்டுக்கு முடியும். எங்கள் அலுவலகத்துக்கோ சனிக்கிழமை விடுமுறை. சாவி காவல்காரரிடம்; பத்து மணிக்குமேல் அவர் எந்தக் கடையில் இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா திட்டவில்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

இரண்டு சைக்கிள்கள். அவர் முன்னால், நான் பின்னால். பொத்தான் போடாத சட்டை அவர் முதுகில் படபடத்தது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் வந்தது. செருப்பைக் கழற்றி, தலையில் குட்டிக்கொள்ளாமல் அந்த வாசலைத் தாண்டாத மனிதர் அன்று திரும்பியும் பார்க்கவில்லை. அதைக் கண்டபிறகுதான் எனக்கு அழுகை முட்டியது. பள்ளிவாசலையும் தாண்டி, தெரு முனையில் காலை ஊன்றி நின்றார். ஆற்றுப் பக்கம் நான் போக வேண்டும், மறுபக்கம் அவர்.

"நான் போயி வரிசயில நிக்கிறேன். பன்னண்டுக்குள்ள வந்துடுவியா?"

வாயைத் திறந்தேன். பழக்கம், அந்த வார்த்தைகள் நுனிநாக்குவரை வந்துவிட்டன. அவர் கையை உயர்த்தினார்.

"சாமியெல்லாம் வேணாம்மா. வர்றேன்னு சொல்லு, போதும்."

"வர்றேன்பா."