சனிக்கிழமை ஸ்கோர்

இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் கால்பந்து அணி தோற்றுப்போனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்ற நிலையில் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூடக் கால்பந்து ஆடியவன் இல்லை. இன்றைக்கு யோசித்தால் எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. அப்போது வேடிக்கையாக இல்லை.

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிரைவராக இருந்தேன். அங்கே ரோலா என்கிற பகுதியில் தங்கல். அறையில் ஆறு பேர். ஆனால் ஆறு பேருக்கும் ஆறு விதமான டியூட்டி என்பதால், நான் உள்ளே நுழையும்போது யாராவது போர்வைக்குள் இருப்பார்கள், நான் எழும்போது வேறு யாராவது போர்வைக்குள் இருப்பார்கள். எதிர்க்கட்டிலில் படுத்தவரின் குரலைவிட அவருடைய குறட்டைதான் எனக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்க ஜீப்பில் தனியாக ஓட்டிவிட்டு வந்து, அங்கேயும் சத்தம் போடாமல் தட்டைக் கழுவி, சத்தம் போடாமல் படுக்க வேண்டும். சில நாட்களில் காலையிலிருந்து இரவுவரை ஒரு முழு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

என் ஜீப்பில் வருபவர் ஒரு இங்கிலீஷ்காரர். ஐம்பதைத் தாண்டியவர், சைட் மேனேஜர். எங்கள் சைட் வடக்கே பாலைவனத்துக்குள், ஒன்றரை மணி நேர ஓட்டம். வாரம் முழுக்க அங்கேயே ஒரு தகரக் கேபினில் தங்கிவிடுவார். வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு மட்டும் துபாய் ஃப்ளாட்டுக்குப் போவார். சனிக்கிழமை விடியற்காலையில் நான் போய் அவரை ஏற்றி சைட்டில் விட வேண்டும். மனைவி அவரை விட்டுப் பிரிந்துவிட்டதாக ஆபீஸில் பேச்சு. முதல் ஆறு மாதம் எங்களுக்குள் இருந்தது ஒரு குட் மார்னிங், ஒரு தேங்க் யூ, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, பாதி வழியில் அவர் திடீரென்று கேட்டார்.

"நீ தங்கியிருக்கிற இடத்தில் இன்டர்நெட் கடை இருக்கிறதா?"

"நிறைய இருக்கு சார்."

"எனக்கு ஒரு உதவி. இன்று மாலை ஒரு ஃபுட்பால் மேட்ச். கேபினில் நெட் கிடையாது. நீ ஸ்கோர் பார்த்து எனக்கு மெசேஜ் அனுப்ப முடியுமா?"

சரி என்றேன். எந்த டீம் என்று கேட்டதற்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த பெரிய டீம்களில் அது இல்லை.

நான் போன இன்டர்நெட் கடை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய் ஒருவருடையது. அவரிடமே காகிதத்தைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தேடினார். முதல் டிவிஷனில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நாலாவதில், அதுவும் பட்டியலின் ஆகக் கடைசியில் இருந்தது.

"தம்பி, இதென்ன, மைனஸ் போட்டிருக்கு?" என்றார் பாய்.

உண்மைதான். மற்ற அணிகளுக்கு நேரே பூஜ்யமும் மூன்றும் இருக்க, இந்த அணிக்கு நேரே மைனஸ் பன்னிரண்டு என்று இருந்தது. ஏதோ தப்பு என்று நினைத்தேன். ஸ்கோரை மட்டும் அனுப்பினேன். தோல்விதான். கொஞ்ச நேரத்தில் "தேங்க் யூ, மை ஃப்ரெண்ட்" என்று பதில் வந்தது. அந்த நாட்டில் என்னை அப்படி அழைத்த முதல் ஆள் அவர்.

அடுத்த சனிக்கிழமை மைனஸைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். கிளப்பை வாங்கிய முதலாளி ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுக் கையை விரித்துவிட்டார், வரியும் கட்டவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை, அதனால் லீக் தண்டனையாகப் புள்ளிகளை முன்கூட்டியே வெட்டிவிட்டது என்று சொன்னார்.

"அப்போ, ஆட்டக்காரங்க ஒரு தப்பும் பண்ணலையே சார்?"

"இல்லை."

"பின்னே ஏன் அவங்களுக்குத் தண்டனை?"

அவர் சிரித்தார். பிறகு, "இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள்" என்றார்.

கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் லீகை விட்டே வெளியே தள்ளிவிடுவார்கள். பன்னிரண்டு புள்ளி பள்ளத்திலிருந்து ஏறி வந்து அதற்கும் மேலே போக வேண்டும். இதுதான் அந்த வருடக் கதை.

நான் மெல்ல மெல்ல அதற்குள் போய்விட்டேன். ஜெயித்தால் மூன்று, சமன் என்றால் ஒன்று என்று கணக்குப் படித்தேன். கோல் போடுகிறவன் பெயர், கோல்கீப்பர் பெயர், காலில் அடிபட்டுப் படுத்திருப்பவன் பெயர் எல்லாம் மனப்பாடம் ஆயின. சனிக்கிழமை மாலை டியூட்டி முடித்துக் குளித்துவிட்டு பாய் கடையில் ஓரத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஸ்கோர் தானாக மாறாது, நாம்தான் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தி அழுத்தி அந்தப் பட்டனின் எழுத்தே தேய்ந்துவிட்டது என்று பாய் சலித்துக்கொள்வார்.

கிளப்பில் பந்துக்கும் துணிக்கும்கூடக் காசில்லாமல், ரசிகர்களே வந்து ஸ்டாண்டுக்குப் பெயின்ட் அடித்தார்களாம். ஒரு அம்மாள் ஆட்டக்காரர்களின் பனியன்களைத் தன் வீட்டு மெஷினில் போட்டுத் துவைத்துக் கொண்டுவந்தாராம். இதையெல்லாம் அவர் வண்டியில் வரும்போது சொல்வார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும், கூடவே தான் அங்கே இல்லையே என்கிற ஏக்கமும் இருக்கும்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் ஜெயித்து, மைனஸ் போய் பூஜ்யம் ஆனது. நான் அனுப்பிய மெசேஜில் ஸ்கோருக்குப் பின்னால் ஒரு பெரிய பூஜ்யமும் போட்டேன். அடுத்த முறை சைட்டுக்குப் போனபோது கேபினுக்குள் கூப்பிட்டு, குளிர்ந்த பெப்சி டின் ஒன்றை என் கையில் கொடுத்து, தன் டின்னால் அதை முட்டினார். "ஸீரோவுக்கு!" என்றார். பூஜ்யத்துக்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட இரண்டு பேர் அந்தப் பாலைவனத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

அது உலகமெங்கும் வங்கிகள் கவிழ்ந்த குளிர்காலம். முதலில் எங்கள் சைட்டில் ஒரு கிரேன் நின்றது. பிறகு எல்லாம் நின்றது. அங்கே கிளப்பிலும் சம்பளம் நின்று, நல்ல கோல்கீப்பரை வேறு அணிக்கு விற்றுவிட்டார்கள். ஜனவரியில் அவருக்கு வேலை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இரண்டே இரண்டு பெட்டி.

"நல்லதுதான் சார். இனிமே மேட்சை நேர்லயே பாக்கலாம்" என்றேன்.

"ஆமாம், ஆமாம்" என்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நேரம் விடவில்லை.

மார்ச் மாதம் என் ஜீப்பையும் வாங்கிக்கொண்டார்கள். "டியூட்டி மாஃபி, ரூம்ல இரு, கூப்பிடுறோம்" என்றான் ஆபீஸ்காரன். மாஃபி என்றால் இல்லை. அங்கே முதல் நாளே காதில் விழுகிற சொல் அது. என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்ததால் வேறு வேலைக்கும் போக முடியாது. கூப்பிடவே இல்லை. அறைக்காரர்களுக்கு முன்னால் படுத்துக் கிடக்கக் கூச்சப்பட்டு, காலையில் ஷேவ் செய்து, சட்டையை உள்ளே விட்டு, டியூட்டிக்குப் போகிறவன்போல இறங்கிப் பார்க்கில் போய் உட்காருவேன். வெயில் ஏறினால் கடைகளின் ஏசிக்குள் நுழைந்து எதையும் வாங்காமல் வெளியே வருவேன். வீட்டுக்குப் போன் செய்யும்போது, "வேலை ரொம்ப டைட்டு" என்பேன். சனிக்கிழமை மட்டும் பாய் கடைக்குப் போவதை விடவில்லை. யாருக்கும் அனுப்ப வேண்டியது இல்லை. இருந்தாலும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு வருவேன். "அவர்தான் போயிட்டாரே, இன்னும் எதுக்குத் தம்பி?" என்று பாய் ஒருமுறை கேட்டார். "சும்மாதான் பாய்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்த அரைமணிக்குக் காசு வாங்கவில்லை.

ஒருநாள் பகலில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. அவர்தான்.

"எப்படி இருக்கிறாய், மை ஃப்ரெண்ட்?"

"நல்லா இருக்கேன் சார். போன வாரம் கடைசி நிமிஷத்துல கோல் போட்டோமே, பாத்தீங்களா?"

 

"நான் கிரவுண்டுக்குப் போகவில்லை" என்றார். "ஒரு நாள்கூடப் போகவில்லை."

தங்கை வீட்டு மாடியில் ஒரு அறையில் இருக்கிறாராம். கிரவுண்ட் மூன்று தெரு தள்ளித்தான். அங்கே போனால் பள்ளியில் கூடப் படித்தவர்கள் எல்லாம் இருப்பார்கள். துபாயில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள். எப்போது வந்தாய், எப்போது திரும்பப் போகிறாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து சனிக்கிழமைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சத்தம் கேட்கும்" என்றார். "கோல் விழுந்தால் இங்கே வரை கேட்கும். ஆனால் யார் போட்ட கோல் என்று தெரியாது."

அப்புறம் கேட்டார்: "நீ பழையபடி ஸ்கோர் அனுப்ப முடியுமா?"

அவர் வீட்டில் டிவி இருந்திருக்கும். இன்டர்நெட்டும் இருந்திருக்கும். இதெல்லாம் எனக்கு உடனே தோன்றத்தான் செய்தது. ஆனால், "அனுப்புறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். என் ஜீப் போன விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் முழுக்க அனுப்பினேன். கிரவுண்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருப்பவருக்கு, ரோலாவிலிருந்து. ஒவ்வொரு கோலுக்கும் ஒரு மெசேஜ். "நம்ம கோல் சார்." "அவங்க கோல் சார்." சில சமயம் நான் அனுப்புவதற்கு முன்பே அவரிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வரும். அங்கே ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டு வேகமாக பட்டனை அழுத்துவேன்.

மே மாதம் கடைசி ஆட்டம், சொந்த கிரவுண்டில். ஜெயித்தால் லீகில் இருக்கலாம். இல்லாவிட்டால் வெளியே. அன்று காலை பார்க்கில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு மாதமாக நான் இங்கே உட்கார்ந்திருப்பதும் அவர் அங்கே ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பதும் ஒன்றுதான் என்று தோன்றியது. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக்குப் பேசும் ப்ரீபெய்ட் கார்டில் போன் செய்தால் நிமிடங்கள் பறக்கும். அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"சார், இன்னைக்கு நான் ஸ்கோர் அனுப்ப மாட்டேன்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க போய்ப் பாருங்க. இன்னைக்குப் போகலேன்னா அப்புறம் போகவே மாட்டீங்க சார்."

"உனக்குப் புரியாது" என்றார். குரலில் கோபம் இருந்தது.

"புரியும் சார். எனக்கும் மார்ச்சிலேருந்து டியூட்டி இல்ல. வீட்டுல சொல்லல. தினமும் சட்டை போட்டுக்கிட்டு பார்க்குல வந்து உட்காருறேன்."

 லைன் துண்டானது. அவர் வைத்தாரா, அதுவாகப் போனதா தெரியவில்லை.

அன்று மாலை பாய் கடைப் பக்கமே போகவில்லை. போனால் பார்த்துவிடுவேன், பார்த்தால் அனுப்பிவிடுவேன். கடற்கரைச் சாலையில் நடந்தேன். ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியிருக்கும். ஏழு ஆனது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவரிடமிருந்து கேள்விக்குறி வரவில்லை. மனிதர் கோபித்துக்கொண்டார், இருந்த ஒரே ஆளையும் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் தரையில் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எட்டு மணி வாக்கில் மெசேஜ் வந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் ஸ்கோர்.

"2–2. லீகை விட்டுப் போய்விட்டோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் நின்று பாடுகிறார்கள். நானும்."

அதை நாலைந்து முறை படித்தேன். அணி வெளியே போனதற்காக வருத்தப்படுவதா, அவர் அங்கே நிற்பதற்காகச் சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெஞ்சிலிருந்து எழாமலே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?" என்றாள் மனைவி.

"ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு ரெண்டு மாசமா வேலை இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தெரியுங்க" என்றாள். "முன்னெல்லாம் நீங்க போன் பண்ணினா பின்னால வண்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இப்ப காக்கா கத்துற சத்தம்தான் கேக்குது. வெளியில எங்கயோ உட்கார்ந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ரொம்ப நாள் ஆக்கிட்டீங்க."

பிறகு, "குரல் ஏன் இப்படி இருக்கு? வேற என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். ஒரு டீம் லீகை விட்டு வெளியே போய்விட்டது என்றேன். எந்த டீம் என்றாள். மைனஸ் பன்னிரண்டிலிருந்து தொடங்கிச் சொன்னேன். பெயின்ட் அடித்தது, பனியன் துவைத்த அம்மாள், பெப்சி டின், சாத்திய ஜன்னல் எல்லாம். அவள் நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். கார்டு தீர்ந்து லைன் போனபோது அந்த வருட ஆட்டங்களின் இரண்டாம் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் விசா ரத்தாகி ஊருக்குக் கிளம்பினேன். அதை அவருக்கு மெசேஜில் சொன்னேன். அவர் ஊரிலேயே ஒரு குழாய்ச் சாமான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், ரசிகர்கள் சேர்ந்து கிளப்பை மூடவிடாமல் காப்பாற்றிவிட்டதாகவும், ஆகஸ்டில் இன்னும் கீழே உள்ள டிவிஷனில் மறுபடி ஆட்டம் தொடங்கும் என்றும் பதில் போட்டார். இந்த முறை பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்களாம்.