சடையன் கண்ணில் பச்சை

மற்றவர்கள் விளக்கைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். கண் பரிசோதகர்களாகிய நாங்கள் அணைத்துவிட்டுத் தொடங்குவோம். தாடையை அந்தக் கருவியில் வைத்து, "சிமிட்டாதீங்க" என்று என்னைப் போன்ற யாரிடமாவது நீங்களும் திட்டு வாங்கியிருப்பீர்கள். உங்களுக்காவது அஞ்சு நிமிஷத்தில் விடுதலை. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் நாள் முழுக்க அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை மட்டும் மலைமேல் கரியாலூரில், எங்கள் ஒற்றை அறைக் கிளையின் இருட்டில். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் வெள்ளைக் கோட்டு போட்டதால் எல்லோருக்கும் சிஸ்டர்.

கொதித்த சுண்ணாம்பு

சடையன் மலைக்காரர். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அது கொதித்து வலது கண்ணில் தெறித்துவிட்டது. இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போனது, ஆக இருந்ததே அந்த ஒரு கண்தான். உடனே தண்ணீர் விட்டுக் கழுவாமல் துண்டால் துடைத்துக்கொண்டு, மனைவி அலமேலுவின் கையைப் பிடித்தபடி பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் இமையைப் புரட்டி, பாட்டில் பாட்டிலாகக் கழுவினார். பிறகு நான் சாயம் தோய்ந்த தாளைக் கண்ணில் தொட்டு வைத்து, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தேன். கண்ணின் மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். சடையனுக்குக் கருவிழி முழுக்க ஒளிர்ந்தது. எத்தனையோ கண் பார்த்தவள்தான், நானே கருவியை விட்டு முகத்தை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அலமேலு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னா சிஸ்டர் அது? நம்மளயே பாக்குது."

அதே சத்து

மணிக்கொரு தரம் வைட்டமின் சி சொட்டு மருந்து, கூடவே மாத்திரை என்று டாக்டர் எழுதினார். காயம் ஆற அந்தச் சத்து வேண்டும். சுண்ணாம்பு பட்ட கண்ணில் அது வற்றிப்போய்விடும். இதை எளிமையாக விளக்குகிறேன் பேர்வழி என்று, "எலுமிச்சை, நெல்லிக்காயில இருக்கிற அதே சத்துதாம்மா" என்று அலமேலுவிடம் சொல்லிவைத்தேன். அன்றைக்கு என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் படுக்கையில் இருந்துவிட்டு ஊருக்குப் போனார்கள். அப்புறம் கரியாலூரில் மூன்று வியாழக்கிழமைகள் பார்த்தேன். பச்சை சுருங்கிச் சுருங்கித் துவரம்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. நாலாவது வாரம் விளக்கை அணைத்தால், அது பாதிக் கருவிழிக்குத் திரும்பப் பரவியிருந்தது. வந்த வழியே எதுவோ திரும்பி வந்தது போலிருந்தது. மருந்து விட்டீர்களா என்று கேட்டேன். அலமேலு சொன்ன பதிலுக்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு வாயில்லை: "தீந்துபோச்சி சிஸ்டர். நீங்க சொன்ன சத்துதானேன்னு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சி விட்டேன். எரியுதுன்னு கத்தனாரு, நான்தான் தலையப் புடிச்சிக்கினு விட்டேன்."

உட்காரச் சொல்லுங்க

அங்கேயே கழுவி, எங்கள் வண்டியிலேயே கீழே கூட்டிவந்தோம். இந்தக் கண் போனால் அதில் பாதிப் பழி என்னுடையது.

மறுநாள் இருட்டறையில் சடையன், "சிஸ்டர், உங்க பின்னாடி ஒருத்தங்க நின்னுக்கினே இருக்காங்க. உக்காரச் சொல்லுங்க" என்றார். அலமேலு வெளியே இருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முழம் இடம், அப்புறம் சுவர். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, பார்வை மங்கினால் மூளை சில சமயம் தானாகவே உருவங்களைக் காட்டும், மனக்கோளாறு இல்லை என்றார். அதை அப்படியே சடையனிடம் சொன்னேன். என் தோளுக்கு மேலே பார்த்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிங்க சிஸ்டர். அவங்களும் ஆமான்னு தலையாட்டறாங்க."

விரல்

அதன்பிறகு ஊருக்குத் திரும்பியதும் அலமேலு மருந்துப் புட்டியைத் தூக்குவாளியில் வைத்து, நாய் பூனை அண்டாமல் காத்தார். வீட்டுப் பக்கம் எலுமிச்சையே வரவிடவில்லையாம். நான் வாரா வாரம் புட்டியைத் தூக்கிப் பார்த்து, பாதிக்குக் கீழே போனால் புதுசு கொடுத்தனுப்பினேன்.

பல வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. சாயம் வைத்து, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தேன். பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. காயம் மூடிவிட்டது, ஆனால் கருவிழியில் வெள்ளைப் புகை மாதிரி ஒரு தழும்பு நின்றது. அதன் வழியே ஏதாவது தெரிகிறதா என்பதுதான் கேள்வி. விளக்கைப் போட்டு, ஒரு கை தூரத்தில் மூன்று விரல்களைக் காட்டினேன். அலமேலு என்னைப் பார்க்கவில்லை, கணவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு" என்றார் சடையன்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அலமேலு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போதும் என்று நான் கையை இறக்கும்போது, சடையன் பார்வை இன்னும் என் தோளுக்கு மேலேயே இருந்தது. கணக்கை முடிப்பவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "உங்களுது மூணு சிஸ்டர். அவங்க ரெண்டு காட்டறாங்க."

அடுத்தவர் பார்வையைச் சோதிப்பதுதான் என் வேலை என்றாலும், இப்போதெல்லாம் எந்த அறைக்குப் போனாலும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்ட பிறகுதான் விளக்கை அணைக்கிறேன்.